என் முட்டி கொடுத்த குருப்பட்டம்

எங்கள் கோயில் அலுவலக அறையில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. வெள்ளை அங்கி அணிந்த ஒரு பெண் பீடத்தின் முன் மண்டியிட்டிருக்கிறார். அவர் தலைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கைகள். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கைக்குச் சொந்தக்காரர் கண்களை மேலே உயர்த்தி, உதடு துடிக்க, கன்னத்தில் கண்ணீர் வழிய நிற்கிறார். வானம் திறந்ததைப் பார்த்தவர் முகம் என்று அதைச் சொல்லாதவர்கள் எங்கள் சபையில் கிடையாது. படத்துக்குக் கீழே சின்னப் பலகையில் ‘முதல் கை வைத்தவர்’ என்று போட்டு என் பெயரை எழுதியிருக்கிறார்கள். நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது மின்விசிறியை. கண்ணீருக்குக் காரணம் என் வலது முட்டி.

பதினெட்டு வருஷமாக இது எனக்கும் என் மனைவி சுகிர்தத்துக்கும் மட்டும் தெரிந்த விஷயம். போன மாதம் நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மணியை ஜெனிபர் அடித்தபோது வந்தது வினை. ஜெனிபருக்குப் போதகராகக் குருப்பட்டம் ஆகி மூன்று வருஷம்தான். கையில் லட்டு டப்பா, தோளில் அங்கிப் பை.

“தோத்திரம் ஐயா. ரூபவதி அம்மா ரிட்டயர் ஆகறாங்க. மலர் போடறோம். நீங்க அந்த முதல் கையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தரணும். எங்களை மாதிரி பொண்ணுங்க எல்லாம் இன்னிக்கு பீடத்துல நிக்கறோம்னா அதுக்கு நீங்கதானே காரணம்.”

சுகிர்தம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்து ஜெனிபர் இருமல் மருந்து வேண்டுமா என்று கேட்டார்.

புகைப்படத்தில் மண்டியிட்டிருக்கும் பெண்தான் ரூபவதி. சுற்றுப்பட்டுச் சபைகள் சேர்ந்த எங்கள் வட்டத்தில் குருப்பட்டம் பெற்ற முதல் பெண். என் ஓய்வு விழாவில் அவர் மைக்கைப் பிடித்து, “அன்னிக்கு ஐயா கை என் தலைமேல விழுந்திருக்காட்டா, நான் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன்” என்றார். கூட்டம் கைதட்டியது. நான் மேடையில் சந்தன மாலையோடு தலையைக் குனிந்துகொண்டேன். பணிவு என்று எல்லாரும் நினைத்தார்கள். அன்றிலிருந்து என் தொண்டையில் ஒரு முள். உண்மையைச் சொன்னால், ஒரு பெண் இத்தனை வருஷம் சாய்ந்து நின்ற தூணை அவர் விடைபெறும் நாளில் உருவி எடுத்ததாக ஆகும். சொல்லாவிட்டால் அந்தப் பலகை எனக்கு முன்னால் என் கல்லறைக்குப் போய்விடும். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. எழுத ஆரம்பித்தேன். ஜெனிபர் கேட்டது இரண்டு பக்கம். ஐயர்களிடம் இரண்டு நிமிஷம் ஜெபம் கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் லுத்தரன் சபைகளில் போதகரை ஐயர் என்பதுதான் பழைய வழக்கம். நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரன். வங்கித் தேர்வை இரண்டு முறை எழுதித் தோற்ற பிறகு எனக்கு ஆண்டவருடைய அழைப்பு கேட்டது. மூன்றாம் முறை எழுதியிருந்தால் கேட்டிருக்காதோ என்னவோ. இறையியல் கல்லூரியில் கிரேக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன், எபிரெயத்தைப் பக்கத்துப் பையனைப் பார்த்துப் படித்தேன். அந்த நான்கு வருஷத்தைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தொழிலைக் கற்றது பாக்கியநாதன் ஐயரிடம். மயிலாப்பூர்ப் பக்கம் எங்கள் கோயிலின் பெரிய ஐயர், பின்னாளில் வட்டத் தலைவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு “பரவாயில்லை” என்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

சபையாருக்குத் திராட்சரசம் கொடுக்கும் நற்கருணைப் பாத்திரத்தைப் பிடிப்பது எப்படி என்று மூன்று வாரம் தண்ணீரை வைத்துப் பழக்கினார். ஒருவர் குடித்ததும் விளிம்பைத் துணியால் துடைக்க வேண்டும். பாத்திரத்தைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். நாலு பேர் ஆனால் ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிடும், அப்போது துணியின் மடிப்பை மாற்ற வேண்டும். திருவிருந்து என்கிற அந்த நற்கருணைக்கு வருகிறவர்கள் சனிக்கிழமையே வந்து பெயர் கொடுப்பார்கள். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் அப்பத்தை எண்ணி வைப்போம். “எடுத்து நீட்டிய அப்பத்தைத் திரும்பப் பெட்டியில் போடக்கூடாது. அவர் வாங்காவிட்டால் நீர் சாப்பிடும்” என்று சொல்லியிருந்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒருமுறைதான் அது தேவைப்பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று மேலிடத்திலிருந்து எல்லா வட்டங்களுக்கும் கருத்துக் கேட்டுக் கடிதம் வந்தது. பாக்கியநாதன் ஐயர் அதை என்னிடம் நீட்டி, “கூடாது என்பதற்குக் காரணங்களை எழுதிக்கொண்டு வாரும்” என்றார். கூடுமா கூடாதா என்று நான் யோசித்தேனா என்றால், இல்லை. அவர் கேட்டார், நான் எழுதினேன். பதினோரு காரணங்கள். நாலு காரணத்துக்கு வேத ஆதாரம் இருந்தது. மற்ற ஏழுக்கும் என் கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

சுகிர்தத்திடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். அது நான் செய்த முதல் தவறு. ஒன்பதாவது காரணம், பெரிய நற்கருணைப் பாத்திரம் கனமானது, அதை ஒருமணி நேரம் தாங்க ஆண்களின் உடல்வலிமை தேவை என்பது.

“ஏங்க, தண்ணி லாரி வந்தா குடம் தூக்கறது யாரு?”

“அது வேற.”

“ஆமாம், வேறதான். குடம் இன்னும் கனம்” என்று பென்சிலால் ஒன்பதை அடித்தாள். அப்படியே ஏழையும் எட்டையும் அடித்தாள். பெண்கள் பிரசங்கம் செய்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்பது பத்தாவது. “நீங்க பிரசங்கம் பண்ணும்போது ஆம்பளைங்க கவனம் எங்க இருக்குன்னு நான் பின்னாடி பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருக்கேன். பாதிப் பேரு தூங்கறாங்க” என்றாள். பென்சில் குறிகளை அழிப்பானால் அழித்துவிட்டுப் பதினோரு காரணங்களையும் அப்படியே அனுப்பினேன்.

என்னுடைய உண்மையான காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. ரூபவதி அப்போது எங்கள் கோயிலில் பெண் ஊழியராக இருந்தார். இறையியல் படித்து முடித்துப் பதினான்கு வருஷம். ஓய்வுநாள் பள்ளி, தையல் வகுப்பு, ஆஸ்பத்திரிச் சந்திப்பு எல்லாம் அவர்தான். ஒருமுறை எனக்குத் தொண்டை கட்டியபோது அவர் பிரசங்கம் செய்தார். அன்று யாரும் தூங்கவில்லை. ஆராதனை முடிந்ததும், மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஆரோன் என்னிடம் வந்து, “ஐயரே, தொண்டைக்கு நல்லா ரெஸ்ட் குடு. அவசரமே இல்ல” என்றான். என் பன்னிரண்டாவது காரணம் அதுதான்.

எங்கள் பதினோரு காரணங்களையும் படித்துவிட்டு மேலிடம் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தது. ரூபவதிக்கும் இரண்டு இளைஞர்களுக்கும் எங்கள் கோயிலிலேயே நாள் குறித்தார்கள். எங்கள் முறைமைப்படி வட்டத்து ஐயர்கள் எட்டுப் பேரும் மூப்பு வரிசையில் தலைமேல் வலது கையை வைத்து ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும். கடைசியில் பேராயர் தன் கையை வைத்து ஜெபம் செய்வார்.

முந்தின வாரம் பாக்கியநாதன் ஐயர் எங்கள் ஏழு பேரையும் தன் வீடான குருமனைக்கு அழைத்தார். பிஸ்கட்டும் காபியும் வந்தன. “நாம் போகாமல் இருப்பது பேராயருக்கு மரியாதை அல்ல. போவோம். பீடத்துக்கும் ஏறுவோம். அந்த அம்மாளுக்கு மட்டும் கை வைக்க வேண்டாம். கைகளைக் குவித்து மார்புக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். தொங்கவிட வேண்டாம், அலட்சியமாகத் தெரியும். பையில் விட வேண்டாம், அங்கிக்கு அது அழகல்ல” என்றார். பாத்திரம் துடைக்கச் சொல்லிக்கொடுத்த அதே குரல். நான் தலையாட்டினேன். பிஸ்கட்டும் சாப்பிட்டேன்.

அந்த நாள் கோயில் நிறைந்து வெளியே பந்தல் வரை கூட்டம். அந்த வாரம் எனக்கு மூன்று அடக்க ஆராதனைகள். கல்லறையில் ஈர மண்ணில் நின்று நின்று முட்டி வீங்கியிருந்தது. ஆராதனையில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜெபம், ஒவ்வொரு ஜெபத்துக்கும் நாங்கள் மண்டியிட்டு எழ வேண்டும். முதல் இளைஞனுக்கு எட்டுக் கைகள், எட்டு வசனங்கள். இரண்டாவது இளைஞனுக்கும் அப்படியே. மூன்றாம் முறை எழுந்தபோது முட்டிக்குள் ஏதோ சொடுக்கியது.

ரூபவதி வந்து மண்டியிட்டார். நாங்கள் அரைவட்டமாகப் படியில் நின்றோம். பாக்கியநாதன் ஐயர் கைகளைக் குவித்து மார்புக்கு நேராக வைத்தார். அடுத்தவரும் வைத்தார். மூன்றாவதாக நான்.

யாரும் அசையவில்லை. பேராயர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது. ரூபவதியின் குனிந்த கழுத்து என் முன்னால் இருந்தது. ஒற்றைச் சங்கிலி, அதில் ஒரு சின்னச் சிலுவை, வேர்வை. எனக்கு வெட்கமாக இருந்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும், வெட்கமாக இருந்தும் கையைக் குவித்தேதான் வைத்திருந்தேன். அவருடைய வலது கால் அங்கிக்குள் லேசாக நகர்ந்தது. மண்டியிட்டு மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

என் காலும் மரத்திருந்தது. பாரத்தை இடது பக்கம் மாற்றலாம் என்று நினைத்ததுதான் தெரியும். முட்டி பூட்டிக்கொண்டது. முன்னால் சரிந்தேன். பிடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், ரூபவதியின் தலை.

தலையில் கை வைத்தால் வசனம் சொல்ல வேண்டும் என்பது இருபது வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்தது. ஆனால் நான் வசனம் எதுவும் தயார் செய்துகொண்டு வரவில்லையே. அந்த வாரம் மூன்று முறை சொன்ன வரி நாக்கு நுனியில் இருந்தது. குழிக்குள் மண்ணை அள்ளிப் போடும்போது சொல்கிற ‘மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல்’ என்ற வரி. அதைத்தான் முனகினேன். மைக் பேராயரிடம் இருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது என்று நிம்மதிப்பட்டேன்.

நாலாவதாக நின்ற ஐயர் என் கையைப் பார்த்தார். ஏற்பாடு மாறிவிட்டது, தனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று நினைத்திருக்கிறார். பதறிப்போய்த் தன் கையையும் வைத்தார். ஐந்தாமவர் நாலாமவரைப் பார்த்து வைத்தார். வரிசையாக எட்டாமவர் வரை வைத்துவிட்டார்கள். எனக்கு முந்தின இரண்டாமவரும், பின்தங்கிவிட்டோமே என்று எட்டி வைத்தார். பாக்கியநாதன் ஐயரின் கை மட்டும் மார்புக்கு நேராகவே இருந்தது. பேராயர் எல்லாக் கைகளுக்கும் மேல் தன் கையை வைத்து ஜெபித்தார். நீளமான ஜெபம். அவ்வளவு நேரமும் நான் மின்விசிறியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். புகைப்படக்காரர் அப்போதுதான் வந்து எடுத்தார்.

அங்கி மாற்றும் அறையில் பாக்கியநாதன் ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மாட்டிக்கொண்டு, “நீர் என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம்” என்றார். முட்டி என்று நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் சங்கத்தார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்த அழுகை எனக்குப் பிடித்திருந்தது.

ஆரோன் வாசலில் என்னை மடக்கினான். “இன்னா ஐயரே, அத்தினி பேரும் கம்முனு நின்னுகினு இருக்க சொல்லோ நீ மட்டும் பட்டுனு வெச்சுட்ட. உனுக்குள்ள இவ்ளோ கீதா?”

வீட்டில் சுகிர்தம் என் நடையைப் பார்த்தாள். “முட்டிக்குத் தைலம் தேய்க்கவா, புரட்சிக்காரருக்குக் காபி போடவா?” என்றாள்.

பாக்கியநாதன் ஐயர் அதன் பிறகு ஓய்வு பெறும்வரை என்னிடம் “பரவாயில்லை” என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை. பேராயரோ என் துணிவில் மகிழ்ந்துபோய், ரூபவதியை எனக்கே உதவி ஐயராக நியமித்துவிட்டார். வேறு எந்தக் கோயிலிலும் அவருக்கு இவ்வளவு ஆதரவு கிடைக்காது என்று உத்தரவில் எழுதியிருந்தது. படித்துவிட்டு நாற்காலியைத் தேடினேன்.

சபையார் என்னைப் பெரிய ஐயர் என்றும் அவரைச் சின்ன ஐயர் என்றும் அழைத்தார்கள். அவர் முதன்முதலாகத் திருவிருந்து நடத்துவதாக இருந்த வாரம், வழக்கமாக நூற்றுக்கு மேல் பெயர் கொடுக்கிற சபையில், சனிக்கிழமை மாலை பதிவில் ஒன்பது பெயர்கள்தான் இருந்தன. எல்லாம் சபை நிர்வாகத்தில் இருந்த மூப்பர் துரைராஜின் வேலை. பழைய குடும்பம், கோயிலின் மணிக்கூண்டே அவர் தாத்தா கட்டியது. “ஐயரே, நீங்க அப்பம் குடுங்க, வாங்கிக்கறோம். அந்த அம்மா கையால வேணாம்” என்றார். நான் ஒரு சமரசம் கண்டுபிடித்தேன். அப்பத்தை நான் கொடுப்பது, பாத்திரத்தை மட்டும் ரூபவதி கொடுப்பது. அப்பம் வாங்கிய கையோடு பாதிப் பேர் எழுந்து போனார்கள். ரூபவதி, பீடத்துக்கு முன்னால் சபையார் மண்டியிடும் கிராதி ஓரமாக நடந்து, ஆள் இல்லாத இடங்களையும் கடந்து, இருந்தவர்களுக்குக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் விளிம்பைத் துடைத்துக் கால் சுற்றுத் திருப்பினார். பாக்கியநாதன் ஐயர்கூட அதைவிடச் சரியாகச் செய்திருக்க முடியாது. ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படியே ஓடியது. நான்தான் சமாதானம் செய்கிறவன் என்று என்னையே மெச்சிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் துரைராஜ் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் மனைவி செல்லம்மாளுக்கு மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சை ஆகி, பலன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நற்கருணை கொண்டுவரச் சொன்னார். கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்த மூன்றாம் மாடி. நான் சிறிய பெட்டியோடு போனேன். முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, சின்னப் பாத்திரத்தையும் அப்பப் பெட்டியையும் வைத்தேன். கடல் காற்றில் மெழுகுவத்தி இரண்டு முறை அணைந்தது. துரைராஜ் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டார்.

செல்லம்மாள் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

“சின்ன ஐயரு வரலையா?”

“அவங்க எதுக்கு? பெரியவரே வந்திருக்காரு” என்றார் துரைராஜ்.

பாவ அறிக்கைக்கு முன், மனதில் ஏதாவது பாரம் இருந்தால் சொல்லலாம் என்று கேட்பது முறை. கேட்டேன். “அவளுக்கு என்ன பாரம்? ஒண்ணுமில்ல. நீங்க நடத்துங்க” என்று துரைராஜே பதில் சொன்னார். செல்லம்மாள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். நான் நடத்தினேன். அப்பத்தை எடுத்து உதட்டருகே கொண்டுபோனேன்.

உதடு திறக்கவில்லை. மயக்கமோ என்று பார்த்தேன். கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. இத்தனை வருஷ ஊழியத்தில் நான் நீட்டிய அப்பத்துக்கு முன்னால் ஒரு வாய் மூடியிருந்தது அதுதான் முதல் முறை. எனக்கு அவமானமாக இருந்தது. பிறகுதான் அது என் அவமானத்தைப் பற்றிய காரியமே அல்ல என்று உறைத்தது. சாகப்போகிற ஒரு பெண்ணுக்கு ஒரு பெண்ணிடம் சொல்ல ஏதோ இருக்கிறது. நானும் அவள் புருஷனும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறோம்.

அப்பத்தை நானே வாயில் போட்டுக்கொண்டேன். பிறகு வாழ்க்கையிலேயே நான் பெருமைப்படக்கூடிய ஒரே பொய்யைச் சொன்னேன்.

“மூப்பரே, கட்டில் ரொம்பத் தாழ்வா இருக்கு. பாத்திரத்தைக் குடுக்கணும்னா நான் மண்டிபோடணும். என் முட்டி கதைதான் உங்களுக்குத் தெரியுமே. போட்டா எழுந்திருக்க முடியாது. நீங்கதான் தூக்கணும்.”

“எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி மூணு மாசம்தான் ஆகுது ஐயரே.”

“அதான் யோசிக்கறேன். ரூபவதியைக் கூப்பிடறேன். பாத்திரத்தைப் பிடிக்க மட்டும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வெளியே வந்து அழைத்தேன். அடையாறிலிருந்து ஸ்கூட்டியில் இருபது நிமிஷத்தில் ரூபவதி வந்துவிட்டார். உள்ளே நுழைந்து செல்லம்மாளைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

“மூப்பரே, கொஞ்சம் வெளிய இருங்க.” துரைராஜ் தயங்கிக்கொண்டே வெளியே போனார். நான் பெருமிதத்தோடு பெட்டியைத் திறந்தேன். “நீங்களும்தான் ஐயா.”

நடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூப்பரும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு செல்லம்மாள் அழுவது கேட்டது. அது ஓய்ந்தபின், நம்பமாட்டீர்கள், சிரிப்புச் சத்தம்.

“உள்ள என்ன பேசிக்கறாங்க?” என்றார் துரைராஜ்.

“தெரியாது.”

“நீங்கதானே பெரிய ஐயர்?”

“அதனாலதான் தெரியாது.”

செல்லம்மாள் என்ன சொன்னார் என்று ரூபவதி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று நற்கருணை வாங்கினார் என்பது மட்டும் பதிவில் இருக்கிறது. அதன் பிறகு இரண்டு மாதம் உயிரோடு இருந்தார், வாரம் ஒருமுறை ரூபவதிதான் போனார். அடக்கத்துக்கு நான்தான் வர வேண்டும் என்று துரைராஜ் சொன்னபோது, முட்டியைத் தடவிக் காட்டினேன். கல்லறையில் ரூபவதி நடத்தினார். குழிக்குள் மண்ணைப் போட்டு அந்த வரியைச் சொல்லும்போது ஒரு நொடி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சரியாகச் சொன்னோமா என்று கேட்கிறார் என நினைத்துத் தலையாட்டினேன்.

துரைராஜ் மனம் மாறினாரா என்று கேட்பீர்கள். இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் ஆண் ஐயர் இருக்கிற ஒரு கோயிலுக்குப் போய்விட்டார். ஆனால் சாகும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் சின்ன ஐயர் வீட்டுக்கு அவர் வீட்டிலிருந்து கேக் போனது. எனக்கு ஒரு துண்டுகூட வந்ததில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்து, ஜெனிபரிடம் கொடுப்பதற்கு முன் ரூபவதியிடம் படித்துக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். கேட்டபின் அவர் வேண்டாம் என்றால் கிழித்துவிடுவது. போன செவ்வாய்க்கிழமை மெட்ரோ பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் குருமனைக்குப் போனேன். அவர் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன். மின்விசிறி, முட்டி, பதினோரு காரணம், குவித்த கைகள் என எதையும் விடவில்லை. அவர் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டார்.

முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“ஐயா, இது எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“எப்படி?”

“குருப்பட்டம் வாங்கற பொண்ணு தலையில கையை வெச்சு, மண்ணள்ளிப் போடற வரியைச் சொன்னா வேற என்னன்னு நினைக்கிறது? செல்லம்மாக்கா அடக்கத்துல உங்களைப் பார்த்தேனே. நீங்க பாட்டுக்குத் தலையாட்டினீங்க.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. “அப்ப மேடையில ஏன் அப்படிச் சொன்னீங்க? என் கை விழுந்திருக்காட்டா எழுந்து போயிருப்பேன்னு?”

“அது சத்தியம்தான் ஐயா.” கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். “யாரும் கை வைக்கல. இருபது எண்ணுவோம், அதுக்குள்ள வைக்கலேன்னா எழுந்து போயிடுவோம், இனிமே இந்தப் பக்கமே வர வேணாம்னு மனசுல எண்ண ஆரம்பிச்சேன். பதினேழுல வலது காலை ஊன்றிட்டேன். அப்பத்தான் நீங்க மேல விழுந்தீங்க. உங்க மொத்தப் பாரமும் என் தலைமேல. நான் எழுந்தா நீங்க குப்புற விழுவீங்க, முன்னாடி பித்தளைக் கிராதி, பல்லு போயிடும். சரி, இந்த மனுஷன் நிமிர்ற வரைக்கும் இருப்போம்னு இருந்தேன். நீங்க நிமிரவே இல்ல. அதுக்குள்ள மத்தவங்க எல்லாம் கையை வெச்சுட்டாங்க.”

நான் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

“கழுத்து மூணு நாள் திரும்பல” என்றார்.

அழுகை வந்துவிட்டது எனக்கு. இந்தமுறை முட்டி காரணமல்ல. அவர் சாய்ந்து நின்ற தூண் நான் என்று இத்தனை வருஷம் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

“கிழிச்சுடட்டுமா?” என்று காகிதத்தைக் காட்டினேன்.

“எதுக்கு? குடுங்க ஜெனிபர்கிட்ட. ஞாயித்துக்கிழமை வழியனுப்பு ஜெபத்துக்கு நீங்கதான் என் தலைமேல கை வைக்கணும். உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். வசனத்தை மட்டும் முன்னாடியே எழுதி எடுத்துட்டு வந்துருங்க.”

திரும்பும்போது கோயில் அலுவலகத்துக்குள் போனேன். ஆரோனிடம் ஒரு வெள்ளைக் காகிதமும் பசையும் கேட்டு வாங்கி, பலகையில் இருந்ததெல்லாம் மறைய ஒட்டி, புதிதாக எழுதினேன். ஆரோன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தான்.

‘விழ இருந்த ஐயரைத் தாங்கிக்கொண்டிருப்பவர்: ரூபவதி ஐயர்.’